வீடு மாறும் கருவிகள்: புயல் கூண்டிலிருந்து லோராவான் வரை

ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் வானொலிச் செய்தியில் தவறாமல் இடம்பெறும் பெயர் கடலூர் துறைமுகம். வங்கக் கடலில் காற்றழுத்தம் உருவானதும் முதுநகரில் இருக்கும் அந்தத் துறைமுகத்தில் இத்தனையாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது என்று சொல்வார்கள். கூண்டை நேரில் பார்க்காதவர்களுக்குக்கூட அதன் எண் தெரியும். 1, 2 என்றால் புயல் தொலைவில் இருக்கிறது. 8, 9, 10 என்றால் பெரும் அபாயம்.

இந்தியாவில் இந்த ஏற்பாடு 1865-இல் கல்கத்தா துறைமுகத்தில் தொடங்கியது. வானிலைத் துறையே 1875-இல்தான் பிறந்தது. அதாவது துறையை விடக் கூண்டுக்குப் பத்து வயது அதிகம்! பகலில் கூம்பு, உருளை போன்ற வடிவங்களைக் கம்பத்தில் ஏற்றுவார்கள். இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள்.

மொத்தம் 11 எண்கள். பலருக்கும் தெரியாத செய்தி கடைசி எண்ணில் இருக்கிறது. 11-ஆம் எண் 10-ஐ விடப் பெரிய புயலைக் குறிப்பதில்லை. வானிலை எச்சரிக்கை மையத்துடன் தகவல் தொடர்பு அறுந்துவிட்டது என்பதுதான் அதன் பொருள். இனி எந்தச் செய்தியும் வராது, நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள் என்று சொல்ல ஓர் எண் ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

சரி, புயல் கூண்டுக்கும் லோராவானுக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் அந்த 11-ஆம் எண்ணில்தான். இன்று ஏரிக்கரையிலும் வயலிலும் தெருவிளக்கிலும் தண்ணீர் மீட்டரிலும் சின்னச் சின்ன ரேடியோ கருவிகள் பொருத்தப்படுகின்றன. அவை தகவலை அனுப்பும் சர்வர் ஒருநாள் மூடப்பட்டால், அல்லது வேறொரு சர்வருக்கு மாறினால், அந்தக் கருவிக்கு யார் போய்ச் சொல்வது? ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குக் கோப்புகளை மாற்றுவது போன்ற சுலபமான வேலை இல்லை இது. கருவி இருக்கும் இடத்தில் ஆள் இல்லை. திரை இல்லை. விசைப்பலகை இல்லை. இந்தச் சிக்கல் புதிதும் இல்லை. லோராவான் வருவதற்கு முன்பே ஒருமுறை உலகம் முழுவதும் இப்படி ஒரு வீடு மாற்றம் நடந்திருக்கிறது.

கேட்க ஆளில்லாமல் போன அலைவரிசை

1972 அக்டோபரில் அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் இரண்டு நாடாளுமன்ற உறுப்பினர்கள் சென்ற சிறிய விமானம் காணாமல் போனது. எவ்வளவோ தேடியும் கிடைக்கவில்லை. விழுந்த விமானம் தானாகவே ரேடியோவில் குரல் கொடுக்க வேண்டும் என்ற சட்டம் அதன் பிறகுதான் அங்கே வலுப்பெற்றது. அந்தக் கருவிகள் 121.5 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒலி எழுப்பின.

அந்த ஒலியை விண்ணிலிருந்து கேட்டால் என்ன என்ற எண்ணத்தில் அமெரிக்கா, கனடா, பிரான்ஸ், சோவியத் யூனியன் ஆகிய நாடுகள் 1979-இல் கைகோத்தன. பனிப்போர்க் காலத்தில் இப்படி ஒரு கூட்டணி என்பது இன்றும் ஆச்சரியம்தான். 1982 ஜூன் 30-ஆம் தேதி சோவியத் செயற்கைக்கோள் காஸ்மாஸ்-1383 ஏவப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 10-ஆம் தேதி கனடாவில் விழுந்த ஒரு விமானத்தை அது காட்டிக்கொடுத்தது. அதில் இருந்தவர்கள் பிழைத்தார்கள். காஸ்பாஸ்-சார்சாட் என்ற அமைப்பின் கதை இப்படித்தான் தொடங்கியது. பின்னாளில் இந்தியாவும் இதில் சேர்ந்து பெங்களூரிலும் லக்னோவிலும் தரை நிலையங்களை அமைத்தது.

ஆனால் 121.5 அலைவரிசையில் ஒரு குறை இருந்தது. அந்த ஒலியில் பெயர் இல்லை. யார் கூப்பிடுகிறார்கள், படகா, விமானமா, எந்த நாடு என்று எதுவும் தெரியாது. வேறு மின்கருவிகளின் இரைச்சல்கூட ஆபத்துக் குரல் போலவே கேட்டது. வந்த எச்சரிக்கைகளில் மிகப் பெரும்பாலானவை பொய். புதிதாக வந்த 406 மெகாஹெர்ட்ஸ் கருவிகளோ ஒவ்வொன்றும் தனக்கென ஓர் எண்ணைச் சேர்த்து அனுப்பின. கரையில் இருப்பவர் அந்த எண்ணைப் பதிவேட்டில் பார்த்து உரிமையாளர் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசி விசாரிக்க முடிந்தது.

பழையதை நிறுத்துவது என்று முடிவாயிற்று. அறிவிப்பு வந்தது 2000-இல். நிறுத்திய நாள் 2009 பிப்ரவரி 1. இடையில் எட்டு ஆண்டுகளுக்கும் மேல்! ஏன் இவ்வளவு அவகாசம்? ஏனென்றால் பழைய கருவிக்குப் பேச மட்டுமே தெரியும், கேட்கத் தெரியாது. நாளை முதல் வேறு அலைவரிசைக்குப் போ என்று விண்ணிலிருந்து அதற்குக் கட்டளை அனுப்ப வழியில்லை. உரிமையாளர் ஒவ்வொருவரையும் தேடிப் பிடித்து, புதுக் கருவி வாங்கச் சொல்லி, பழையதைக் கழற்றச் சொல்ல வேண்டியிருந்தது.

பிப்ரவரி 1-க்குப் பிறகும் பழைய கருவிகள் வேலை செய்யாமல் போய்விடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியும், அலை கிளம்பும். பக்கத்தில் பறக்கும் விமானம் ஏதேனும் இருந்தால் அதற்குக் கேட்கலாம். செயற்கைக்கோளுக்கு மட்டும் கேட்காது. கருவி வைத்திருப்பவருக்கோ எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் தோன்றும்.

லோராவான் பிறந்த கதை

சில ஆண்டுகள் கழித்து அதே சிக்கல் தரையில், இன்னும் சின்னக் கருவிகளில் வந்து நின்றது.

பிரான்ஸில் கிரெனோபிள் நகரத்தில் சைக்ளியோ என்ற சிறு நிறுவனம் ஒரு ரேடியோ முறையை உருவாக்கியது. பறவை கீச்சிடும்போது குரல் கீழிருந்து மேலே வழுக்கிக்கொண்டு போகுமே, அதுபோல அலைவரிசையைச் சரியவிட்டுத் தகவலை அனுப்பும் முறை அது. இரைச்சலுக்கு நடுவிலும் இந்தக் கீச்சை அடையாளம் கண்டுகொள்ளலாம். அதனால் மிகக் குறைந்த மின்சாரத்தில் பல கிலோமீட்டர் தூரம் சில எழுத்துகளை அனுப்ப முடிந்தது. 2012-இல் அமெரிக்காவின் செம்டெக் நிறுவனம் சைக்ளியோவை வாங்கியது. லோரா என்ற பெயர் பரவியது. 2015-இல் பல நிறுவனங்கள் சேர்ந்து லோரா அலையன்ஸ் என்ற கூட்டமைப்பைத் தொடங்கி, எல்லாக் கருவிகளும் பின்பற்ற வேண்டிய பொது விதிகளை வெளியிட்டன. அந்த விதிகளின் பெயர்தான் லோராவான்.

இந்தியாவில் இதற்கான கதவு அதற்கும் முன்பே திறந்திருந்தது. 2005-இல் மத்திய அரசு 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையைக் குறைந்த சக்திக் கருவிகள் உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. 2021-இல் அது 868 வரை நீட்டிக்கப்பட்டது. செல்போன் நிறுவனங்கள் கோடிகளைக் கொட்டி ஏலம் எடுக்கும் அலைவரிசை போல இல்லை இது. ஒரு கல்லூரி மாணவர்கூட விதிகளுக்கு உட்பட்டுக் கருவி செய்து பார்க்கலாம்.

புரிந்துகொள்ள ஓர் உதாரணம். சிதம்பரத்தில் படிக்கும் ஒரு மாணவர் முதுநகரையொட்டி ஓடும் பரவனாற்றுக் கரையில் நீர்மட்டம் அளக்கும் கருவி ஒன்றை வைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அரை மணிக்கு ஒருமுறை கருவி விழித்து, நீர்மட்டத்தை அளந்து, ஒரு கீச்சு அனுப்பிவிட்டுத் தூங்கிவிடும். சில மாடிகளில் கேட்வே என்ற பெட்டிகள் இருக்கின்றன. கீச்சைக் கேட்ட கேட்வேக்கள் எல்லாம் அதை அப்படியே இணையம் வழியாக நெட்வொர்க் சர்வருக்குத் தள்ளிவிடும். கேட்வே வெறும் தபால்காரர். கடிதத்தைப் பிரித்துப் படிக்க அதற்குச் சாவி கிடையாது. மூன்று கேட்வேக்கள் ஒரே கடிதத்தைக் கொண்டுவந்தால் இரண்டைத் தூக்கி எறிவது, கடிதம் உண்மையானதா என்று சாவியை வைத்துச் சரிபார்ப்பது, கருவிக்குப் பதில் அனுப்புவது எல்லாம் சர்வரின் வேலை. ஆகவே கருவி நிற்பது ஆற்றங்கரையில் என்றாலும் அதன் வீடு அந்தச் சர்வர்தான்.

அந்த வீட்டில் நுழைய இரண்டு வழிகளை லோராவான் வைத்திருக்கிறது. முதல் வழியில் கருவி, நான் இன்னார், சேர்த்துக்கொள்ளுங்கள் என்று விண்ணப்பம் அனுப்பும். சர்வர் சரிபார்த்து ஒரு தற்காலிக முகவரியையும் புதுச் சாவிகளுக்கான விவரத்தையும் தரும். இதற்குப் பெயர் ஓடிஏஏ. இரண்டாவது வழியில் முகவரி, சாவி எல்லாவற்றையும் கருவியைச் செய்யும்போதே உள்ளே எழுதிவிடுவார்கள். விண்ணப்பமே தேவையில்லை, பெட்டியைத் திறந்ததும் பேசும். இதற்குப் பெயர் ஏபிபி. இரண்டாவது வழி ஆரம்பத்தில் சுலபமாகத் தெரிந்ததால் பலர் அதையே பிடித்துக்கொண்டார்கள். அந்தச் சுலபத்தின் விலை பின்னால் தெரிந்தது.

ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய பொதுச் சொத்து

2015-இல் நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் வீன்கே கீஸமான், யோஹான் ஸ்டாக்கிங் என்ற இருவர் ஒரு முயற்சியைத் தொடங்கினார்கள். நகர மக்களே ஆளுக்கொரு கேட்வேயைத் தங்கள் மாடியில் வைத்துக்கொள்வது, யாருடைய கருவி பேசினாலும் யாருடைய கேட்வேயும் அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பது திட்டம். 10 கேட்வேக்கள், 6 வாரங்கள், ஊர் முழுக்க இணைப்பு! தி திங்ஸ் நெட்வொர்க் என்று அதற்குப் பெயர். சில ஆண்டுகளில் அது பல நாடுகளுக்குப் பரவி, கேட்வேக்கள் பல்லாயிரம் ஆயின. ஊர்க் கிணற்றில் யார் வேண்டுமானாலும் தண்ணீர் இறைத்துக்கொள்வது போன்ற ஏற்பாடு. மாணவர்களும் பொழுதுபோக்காகக் கருவி செய்பவர்களும் இதில்தான் லோராவானைக் கற்றுக்கொண்டார்கள்.

இந்த நெட்வொர்க்கின் சர்வர் மென்பொருளுக்கு வி2 என்று பெயர். காலப்போக்கில் அது போதவில்லை. 2017-இல் லோராவான் 1.1 என்ற புது விதிகள் வந்தன. வி2-க்கு 1.0 வகை மட்டுமே தெரியும். எனவே முழுவதையும் புதிதாக எழுதி வி3 என்று வெளியிட்டார்கள். 2021-இல் எல்லோரையும் வி3-க்கு வரச் சொன்னார்கள். அந்த ஆண்டின் நடுவில் வி2-இல் புதிதாக எதையும் சேர்க்க முடியாதபடி பூட்டினார்கள். டிசம்பரில் வி2 நிரந்தரமாக நிறுத்தப்பட்டது. 121.5-க்குக் கிடைத்த எட்டு ஆண்டுகள் இங்கே கிடைக்கவில்லை. கிடைத்தது ஓர் ஆண்டுக்கும் குறைவு.

இணையதளத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லாம் மாறிவிடும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். அப்படி நடக்கவில்லை. அதற்கான காரணங்களை அந்தப் பரவனாற்றுக் கருவியை வைத்தே விளங்கிக்கொள்ளலாம்.

முதல் காரணம், கருவி பழைய வீட்டை மறக்காது. ஒருமுறை சேர்ந்துவிட்ட கருவி மறுபடி விண்ணப்பிக்காது, அதே முகவரியில் பேசிக்கொண்டே இருக்கும். உதாரணமாக, ஐரோப்பியச் சர்வர்களில் வி2 கொடுத்த முகவரிகள் 2601 என்று தொடங்கின, வி3 கொடுத்தவை 260பி என்று தொடங்கின. பழைய முகவரியோடு பேசும் கருவியின் கடிதம் பழைய வீட்டுக்குத்தான் போகும். ஓடிஏஏ கருவியாக இருந்தால் அதை மறுபடி விண்ணப்பிக்க வைக்க வேண்டும். பேட்டரியைக் கழற்றி மாட்டினால் போதும். ஆனால் அப்போதும் வி2 முந்திக்கொண்டு, வா என்று அழைத்துவிடக்கூடாது. அதற்காக வி2-இல் பதிவாகியிருந்த சாவியை வேண்டுமென்றே மாற்றி வைப்பது என்ற உத்தியைக் கையாண்டார்கள். பழைய வீட்டின் பூட்டை மாற்றிவிட்டால் கருவி வேறு வழியில்லாமல் புது வீட்டுக் கதவைத் தட்டும்!

இரண்டாவது காரணம் ஏபிபி கருவிகள். இவற்றுக்கு முகவரி உள்ளேயே எழுதப்பட்டிருப்பதால் பேட்டரியைக் கழற்றினாலும் பழைய முகவரிதான். ஆற்றங்கரைக்குப் போய், பெட்டியைத் திறந்து, கம்பி செருகி, புது முகவரியை எழுதினால்தான் உண்டு. ஒரு கருவி என்றால் ஒரு சாயங்கால வேலை. நூறு கருவிகள் தெருவிளக்குக் கம்பங்களின் உச்சியில் இருந்தால் ஏணியும் ஆளும் கூலியும் வேண்டும்.

மூன்றாவது, எண்ணிக்கை. ஒவ்வொரு கடிதத்திலும் கருவி ஒரு வரிசை எண் போடும். பழைய கடிதத்தை யாராவது பதிவு செய்துவைத்து மறுபடி அனுப்பி ஏமாற்றாமல் இருக்க, குறைந்த எண்ணோடு வருவதைச் சர்வர் நிராகரிக்கும். பழைய சேர்க்கையை அப்படியே புதுச் சர்வருக்குக் கொண்டுபோகிறவர்கள் முகவரி, சாவிகளோடு இந்த எண்ணையும் கொண்டுபோக வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் கருவிக்கும் சர்வருக்கும் கணக்கு ஒத்துப்போகாது.

நான்காவது, பதில் வரும் நேரம். லோராவான் கருவி எப்போதும் காதைத் திறந்து வைத்திருக்காது. பேசி முடித்த பிறகு குறிப்பிட்ட நொடியில் மட்டும் கொஞ்ச நேரம் கேட்கும். வி2 ஒரு நொடி கழித்துப் பதில் அனுப்பியது. வி3-இன் வழக்கம் 5 நொடி. ஓடிஏஏ கருவிக்குச் சேரும்போதே இந்தப் புது நேரம் சொல்லப்பட்டுவிடும். ஏபிபி கருவிக்கோ யாரும் சொல்வதில்லை. அது ஒரு நொடியில் காதைத் திறந்து மூடிவிடும், பதில் 5-ஆவது நொடியில் வந்து வீணாகும். கருவி அனுப்பும் நீர்மட்டம் திரையில் ஒழுங்காகத் தெரியும், திரும்பிப் போகும் கட்டளை மட்டும் சேராது. இது கண்டுபிடிக்கக் கஷ்டமான கோளாறு.

ஐந்தாவதுதான் இந்த வரலாற்றிலேயே அருமையான பகுதி. அது பக்கத்து வீட்டுக்காரர் பற்றியது. வி2-இல் இருந்த கேட்வேக்கள் கேட்டதை வி3-க்கும் அனுப்பிவைக்க ஓர் இடைவழி அமைத்திருந்தார்கள். ஆனால் வி3-க்கு மாறிவிட்ட கேட்வே கேட்டதை வி2-க்கு அனுப்ப வழி வைக்கவில்லை. ஆகவே ஒருவர் அவசரப்பட்டுத் தன் மாடியில் இருக்கும் கேட்வேயை முதலில் மாற்றிவிட்டால், அதை நம்பி இன்னும் வி2-இல் இருக்கும் தெருக்காரர்களின் கருவிகள் ஊமையாகிவிடும். அவர்கள் யார் என்றுகூட இவருக்குத் தெரியாது. அதனால் முதலில் கருவிகளை மாற்றுங்கள், கேட்வேயைக் கடைசியில் மாற்றுங்கள் என்று வலியுறுத்தினார்கள். தன் வேலை முடிந்த பிறகும் மற்றவர்களுக்காகப் பழைய கதவைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்பது இங்கே வெறும் நாகரிகமாக நிற்கவில்லை, தொழில்நுட்ப விதியாகவே ஆகிவிட்டது.

ஆசியப் பகுதியில் இருப்பவர்களுக்கு இன்னொரு மாற்றமும் இருந்தது. வி2-இல் தென்கிழக்கு ஆசியாவுக்கென ஒரு சர்வர் தொகுதி இருந்தது. வி3-இன் பொது நெட்வொர்க்கில் ஐரோப்பா, வட அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று மூன்று மட்டுமே அமைந்தன. இங்கிருந்து போகும் கீச்சு கடல் தாண்டிப் போய்த் திரும்ப வேண்டியதாயிற்று. 5 நொடி அவகாசம் எதற்கு என்பது இப்போது புரிகிறதல்லவா?

மூடப்பட்ட மற்ற வீடுகள்

தி திங்ஸ் நெட்வொர்க் முன்கூட்டியே சொல்லிவிட்டு, புது வீட்டைக் கட்டி வைத்துவிட்டுத்தான் பழையதை இடித்தது. எல்லோருக்கும் அப்படி அமையவில்லை.

லோராவுக்குப் போட்டியாக வளர்ந்த சிக்ஃபாக்ஸ் என்ற பிரெஞ்சு நிறுவனம் 2022 ஜனவரியில் கடன் சுமையால் நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது. அதன் கருவிகள் அதன் நெட்வொர்க்கில் மட்டுமே பேசும். வேறு சர்வருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அதே ஆண்டு ஏப்ரலில் சிங்கப்பூரின் யூனாபிஸ் நிறுவனம் அதை வாங்கியதால்தான் கருவிகள் பிழைத்தன. கூகுள் நிறுவனம் கருவிகளை இணைக்க நடத்திவந்த ஐஓடி கோர் சேவையை 2023 ஆகஸ்ட் 16-ஆம் தேதி நிறுத்தியது. கூகுள் மாதிரி பெரிய இடம், எங்கே போய்விடப் போகிறது என்று நினைத்தவர்கள் புது வீடு தேடி அலைந்தார்கள்.

இந்த அனுபவங்களிலிருந்து லோராவான் உலகம் வலியுறுத்தத் தொடங்கிய பாடம் ஒன்று உண்டு. சாவி யாரிடம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள் என்பதுதான் அது. கருவி வாங்கும்போது அதன் அடையாள எண்ணும் மூலச் சாவியும் வாங்கியவர் கைக்கு வந்துவிட்டால், நாளைக்கு எந்தச் சர்வருக்கும் போகலாம். சாவியைச் சேவை நடத்துபவரே பூட்டி வைத்துக்கொண்டால் கருவி வாங்கியவருடையது, ஆனால் அதன் குரல் வேறொருவருடையது. 2017-இல் வந்த விதிகளிலேயே மூலச் சாவிகளை நெட்வொர்க் சர்வரில் வைக்காமல், சேர்க்கைக்கென்று தனியாக ஒரு சர்வரில் வைக்க வழி செய்திருந்தார்கள். வங்கியை மாற்றினாலும் நகை லாக்கரில் பத்திரமாக இருப்பது போல, நெட்வொர்க்கை மாற்றினாலும் சாவி இருந்த இடத்திலேயே இருக்கும். சர்ப்ஸ்டாக் போன்ற திறந்த மென்பொருள்களைத் தங்கள் சொந்தக் கணினியிலேயே நிறுவிக்கொள்வது இன்னொரு வழி. அதில் வாடகை இல்லை. ஆனால் கூரை ஒழுகினால் தானே ஏறி அடைக்க வேண்டும்.

மறுபடியும் கடற்கரை

நீர்மட்டக் கருவி ஊமையானால் ஒரு வரைபடத்தில் சில புள்ளிகள் விடுபடும். வெள்ளக் காலமாக இல்லாவிட்டால் பெரிய நஷ்டமில்லை. ஆனால் முதுநகர் மீன்பிடித் துறைமுகத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகில் இருக்கும் கருவி அப்படிப்பட்டதில்லை. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலையில் கடலூர் மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையைக் கடந்தது. செய்தி நேரத்துக்குச் சேர்வது, சேராமல் போவது என்றால் என்ன என்று இந்தக் கரைக்குத் தெரியும்.

2010 முதல் மீனவர்களுக்காக இஸ்ரோ உருவாக்கிய ஆபத்து எச்சரிக்கைக் கருவி பயன்பாட்டுக்கு வந்தது. படகு மூழ்குகிறது, தீப்பிடித்தது, ஆள் கடலில் விழுந்தார், மருத்துவ உதவி வேண்டும் என்பதற்கெல்லாம் அதில் வழி உண்டு. பொத்தானை அழுத்தினால் செய்தி, இருக்கும் இடத்தோடு, செயற்கைக்கோள் வழியாகக் கட்டுப்பாட்டு மையத்துக்குப் போய், அங்கிருந்து கடலோரக் காவல்படையின் மீட்பு மையத்துக்குச் சேரும். நாடு முழுவதும் 20,000-க்கும் மேற்பட்ட கருவிகள் இப்படிப் பயன்பாட்டுக்கு வந்தன.

ஆனால் அதுவும் பேச மட்டும் தெரிந்த கருவி. பொத்தானை அழுத்திய மீனவருக்குத் தன் குரல் கேட்டதா இல்லையா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. கரையிலிருந்து எச்சரிக்கையை அதற்கு அனுப்பவும் முடியாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் குமரிக் கடலில் வெறியாட்டம் ஆடியபோது, பல நாட்களுக்கு முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்த மீனவர்களுக்குச் செய்தி எட்டவில்லை. துறைமுகக் கூண்டு எத்தனை உயரத்தில் ஏறினாலும் அத்தனை தூரத்திலிருந்து தெரியாது. கூண்டு கரையிலிருந்து பேசும், கேட்காது. படகுக் கருவி கடலிலிருந்து பேசும், கேட்காது. இரண்டு ஒருவழிப் பாதைகள் இருந்தும் நடுவில் உரையாடல் இல்லை.

2024 ஜனவரியில் இஸ்ரோ இரண்டாம் தலைமுறைக் கருவியை வெளியிட்டது. ஆபத்துச் செய்தி கிடைத்துவிட்டது என்ற ஒப்புதல் இதில் படகுக்கே திரும்பி வரும். புயல், ஆழிப்பேரலை எச்சரிக்கைகளும், மீன் கிடைக்கக்கூடிய இடங்கள் பற்றிய தகவலும் கரையிலிருந்து போகும். புளூடூத் வழியாகக் கைப்பேசியில் தாய்மொழியிலேயே படித்துக்கொள்ளலாம். அதே ஆண்டு ஆகஸ்ட் 30-ஆம் தேதி, கடலோர மாநிலங்களில் 1 லட்சம் மீன்பிடிப் படகுகளில் டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் தேசியத் திட்டத்தையும் மத்திய அரசு தொடங்கியது. அதுவும் செயற்கைக்கோள் வழியாக இருபுறமும் பேசும் கருவிதான்.

ஆக, கடலிலும் ஒரு வீடு மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது. 121.5-இன் கதையும் வி2-இன் கதையும் இங்கே நேரடியாக உதவும். புதுக் கருவி எல்லாப் படகுக்கும் சேரும்வரை பழைய கருவியின் குரலைக் கேட்கும் காது திறந்திருக்க வேண்டும். எந்தக் கருவி எந்தப் படகில் இருக்கிறது என்ற பதிவேடு, படகு கைமாறும்போதும் இயந்திரம் மாறும்போதும் திருத்தப்பட வேண்டும். பழைய கருவியை ஒதுக்கும் நாள் வந்தால் அதைப் படகுக்காரர் காதில் போட வேண்டும். அரசிதழிலும் இணையதளத்திலும் போட்டால் போதாது. மீனவர் சங்கம், மீன் ஏலக்கூடம், ஐஸ் ஏற்றும் இடம் என்று அவர்கள் கூடும் இடங்களுக்குச் செய்தி போக வேண்டும்.

கருவி வைக்கப் போகிறவர்களுக்கு

லோராவான் கருவிக்கும் 11-ஆம் எண் கூண்டு ஒன்றைக் கற்றுக்கொடுக்க முடியும். அதற்கான வசதி விதிகளிலேயே இருக்கிறது. தானாக வேகத்தைச் சரிசெய்துகொள்ளும் முறை இயக்கத்தில் இருந்தால், வழக்கமான அமைப்பில் 64 கடிதங்கள் அனுப்பியும் ஒரு பதிலும் வராதபோது கருவி, யாராவது இருக்கிறீர்களா என்று கேட்கும். இன்னும் 32 கடிதங்களுக்குப் பிறகும் மௌனம் என்றால் சக்தியைக் கூட்டிப் பார்க்கும். அதற்கும் பதில் இல்லாவிட்டால் மறுபடி புதிதாக விண்ணப்பிக்குமாறு கருவியின் நிரலில் எழுதி வைக்கலாம். அரை மணிக்கு ஒருமுறை பேசும் பரவனாற்றுக் கருவிக்கு 64 கடிதம் என்பது 32 மணி நேரம். இப்படி எழுதப்பட்ட கருவி, சர்வர் மாறினால் இரண்டு மூன்று நாளில் தானாகவே புது வீட்டைக் கண்டுபிடித்துவிடும். எழுதப்படாத கருவி பேட்டரி தீரும்வரை மூடிய வீட்டுக்கே கடிதம் போட்டுக்கொண்டிருக்கும்.

அந்தச் சில வரிகளைக் கருவியைப் பெட்டிக்குள் வைத்து மூடுவதற்கு முன்பே எழுத வேண்டும் என்பதுதான் முக்கியம். ஓடிஏஏ முறையைத் தேர்ந்தெடுப்பது, சாவிகளைக் கையில் வாங்கி வைத்துக்கொள்வது, எந்தக் கருவி எந்தக் கம்பத்தில் இருக்கிறது என்று ஒரு நோட்டில் குறித்துவைப்பது எல்லாமே கருவி கரையில் இருக்கும்போது பத்து நிமிட வேலை. ஆற்றங்கரைக்கோ கம்பத்தின் உச்சிக்கோ ஆழ்கடலுக்கோ போன பிறகு அதே வேலைக்கு ஏணியும் படகும் பணமும் வேண்டும்.

1865-இல் கல்கத்தாவில் கூண்டு ஏற்றத் தொடங்கியவர்களுக்குச் சர்வர் தெரியாது, சாவி தெரியாது. ஆனால் பின்னால் வந்தவர்கள் அந்த வரிசையில், தொடர்பே அறுந்துபோகும் நாளுக்கும் ஓர் எண் வேண்டும் என்று நினைத்துச் சேர்த்தார்கள். புதிதாகக் கருவி செய்கிறவர்கள் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த முன்யோசனையைத்தான்.